கம்பிக்கு அபிஷேகம்

குருக்கள் கம்பியின் முனையில் பொட்டு வைத்துவிட்டார்.

குழைத்த சந்தனம். அதன்மேல் குங்குமம். கம்பியைவிடப் பொட்டு பெரிது.

தடுக்க எழுந்த இன்ஜினியர் பெண்ணின் கை பாதி வழியில் கும்பிடாக மாறிவிட்டது. எதிரே எம்.டி. தெய்வசிகாமணி கண்மூடி நின்றிருந்தார்.

நாலைந்து தலைமுடியைச் சேர்த்துத் திரித்தால் வரும் கனம்தான் அந்தக் கம்பி. இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் உள்ளே போவது அதுதான். அது வழி கண்டுபிடித்த பிறகுதான் பலூனும் மற்றதும் அதன்மேல் ஏறிப் போகும். குழாயின் சுவரைக் குத்தக் கூடாது. அடைப்பைக் கண்டு மடங்கவும் கூடாது. அத்தனை சாமர்த்தியமும் முனையில் இருக்கிறது.

முனை அவள் வடிவமைத்தது.

அந்தக் கம்பெனியில் புது மிஷின் வந்தால் பொட்டு. நாற்காலி வந்தால் பொட்டு. பொட்டில்லாமல் இயங்கியது கொசு மட்டும்தான்.

ஆனால் சந்தனம் காய்ந்தால் இறுகும். வழுக்க வேண்டிய கம்பி சொரசொரக்கும்.

மேடையில் ரப்பரில் செய்த இதயம் தயாராக இருந்தது. கண்ணாடி போல உள்ளே தெரிந்தது. குழாய்களில் தண்ணீர் ஓடியது. ஒரு வளைவில், வேண்டுமென்றே வைத்த அடைப்பு. அதைத் தாண்டினால் அவளுடைய கம்பி தயாரிப்புக்குப் போகும். தாண்டாவிட்டால் வெளிநாட்டுக் கம்பியை வாங்கி நம் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்வது என்று எம்.டி. முடிவெடுத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டிக்கரை அடித்தும் வைத்திருந்தார்.

அந்த முனையோடு இருந்தது அந்த ஒரு கம்பிதான்.

அவள் பஞ்சை எடுத்தாள்.

"பூஜை பண்ணதத் துடைக்கக் கூடாதும்மா" என்றார் எம்.டி., கண்ணைத் திறக்காமலே.

"துடைக்கல சார். அபிஷேகம் பண்ணலாம்னு."

"அபிஷேகமா?"

"சலைன்ல சார். அதைவிடச் சுத்தமான தீர்த்தம் கிடையாது."

எம்.டி. கண்ணைத் திறந்தார். கலங்கியிருந்தது. இந்தப் பெண்ணுக்குப் பக்தி போதாது என்று இத்தனை நாள் நினைத்துவிட்டோமே என்பது முகத்தில் தெரிந்தது.

குருக்களுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"அபிஷேகம் ஆனப்புறம்னா பொட்டு வைக்கணும். முறை மாறிடுத்தே" என்று முனகினார். அதற்குள் மந்திரம் தானாக வந்துவிட்டது.

மணி அடித்தது. அவள் கம்பியைத் தட்டில் சுருட்டி வைத்து சலைனை ஊற்றினாள். சந்தனம் கரைந்தது. குங்குமம் கரைந்தது. போதாதென்று விரலால் நீவினாள். நனைக்காமல் உள்ளே விடவே கூடாத கம்பி அது. நனைந்ததும் விரால் மீன் மாதிரி வழுக்கியது.

ஊழியர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

குருக்கள் மறுபடியும் சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டார்.

"சாமி, இப்ப டாக்டருக்கு வச்சிடுங்க. அவர்தானே உள்ள விடப்போறார்."

டாக்டர் சௌந்தரபாண்டியன் ஊரறிந்த இதய நிபுணர். அன்றைய சிறப்பு விருந்தினர். நெற்றியைத் தாராளமாகக் காட்டினார்.

பொன்னாடையும் பொட்டுமாகக் கம்பியை ரப்பர் இதயத்துக்குள் செலுத்தினார். அடைப்புக்கு முன்னால் நிறுத்தினார். வலது கையில் கம்பி. இடது கையில் மைக். கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

பேசினார்.

பின்னால் இருந்த திரையில் இதயம் தெரிந்திருக்க வேண்டும். எம்.டி. கைகூப்பி நிற்கும் படம்தான் தெரிந்தது. அதை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

இந்த மாதிரி வளைவில் கம்பி போவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்றார் டாக்டர். எல்லார் விரலும் விரல் ஆகிவிடாது என்றார். தன் விரல் எப்படிப்பட்டது என்று காட்ட வலது கையை இப்படி முறுக்கினார். அப்படி முறுக்கினார். லேசாக முன்னே தள்ளினார்.

மேஜையருகே நின்ற அவள் மட்டும் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனை அடைப்பைத் தொட்டது.

நின்றுவிட்டது.

டாக்டர் அமெரிக்க மாநாட்டுக்குப் போனார். அங்கே எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியதைச் சொல்லும்போது உணர்ச்சிவசப்பட்டு இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

முனை தலையைத் தாழ்த்தியது. பக்கவாட்டில் ஒரு இடுக்கைத் தேடியது.

நெளிந்தது.

நுழைந்தது.

அந்தப் பக்கம் வந்து, ஓடும் தண்ணீரில் ஒய்யாரமாக ஆடிக்கொண்டு நின்றது. சுவரில் ஒரு கீறல் இல்லை.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு கண் வழியாக வந்தது.

"ஆகவே, இப்போது அனைவரும் அமைதி காக்க வேண்டும்" என்று முடித்துவிட்டு டாக்டர் திரும்பினார்.

கம்பியைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

டாக்டர் மைக்கைக் கீழே இறக்கினார்.

"எப்பம்மா போச்சு?"

"நீங்க அமெரிக்காவுல இருந்தப்ப சார்."

பொன்னாடை ஒருமுறை குலுங்கியது. இருமல் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு எழுந்தார். டாக்டர் அவரைக் கையமர்த்தி உட்கார வைத்தார்.

பிறகு கம்பியைப் பையப் பையப் பின்னால் இழுத்தார். அடைப்புக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆரம்பிக்கட்டுமாம்மா?" என்று அவளிடம் கேட்டார். அன்று அவர் மைக் இல்லாமல் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

"மெதுவா சார்" என்றாள் அவள். "சட்டுனு போயிடும்."