கறுப்புக் கண்ணாடிக்காரன்

குண்டசாலைச் சந்தியில் ஈயோட்டிக்கொண்டிருந்த வீரமலையின் தேத்தண்ணிக் கடைக்கு ஒருவன் தினமும் வர ஆரம்பித்தான். கறுப்புக் கண்ணாடி, மடியில் ஒரு பை. யாரோடும் பேச்சில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வீரமலை பொலிசுக்கு ஓடினார். "மாத்தயா, பயங்கரவாதி மாதிரி இருக்கானுங்க!"

"சும்மா பிடிக்க ஏலாது. ஆதாரம் இல்லாட்டி கோட்டுல வழக்கு நிக்காது," என்றார் இன்ஸ்பெக்டர் பண்டார. "நம்ம ஆள்கள் சிவில் உடுப்புல வந்து பார்ப்பாங்க. மூச்சு விடாதீங்க."

மறுநாள் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வெறுமனே உட்கார்ந்தால் அவன் உஷாராகிவிடுவான் என்று பிளேன்டீயும் வடையும் சொன்னார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. அவர்களும் எழுந்திருக்கவில்லை. வடைச்சட்டி அடுப்பை விட்டு இறங்கவேயில்லை.

சாயங்காலம் பண்டாரவே வந்தார். "பலே கள்ளன்! ஒரு தடயமும் விடுறானில்ல. நாளைக்குப் பத்துப் பேரைப் போடுறேன்."

"கட்டாயம் போடுங்க மாத்தயா."

கடையைச் சாத்தியதும் அவன் பின்கதவால் உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றினான். "மச்சான், இடுப்பு ஒடியுது. நாளைக்குமா?"

"பொறுத்துக்க மாப்ள," என்றார் வீரமலை. "பத்துப் பேர் வாறாங்க. ஒங்கக்கா ரொட்டியும் போடுறேங்குறா. நீ பையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்க."