ரிமோட் வைத்த பரீட்சை

பறந்துகொண்டிருந்த பொம்மை விமானம் வேப்பமரத்தில் மோதி இறக்கையை ஒடித்துக்கொண்டது. ரிமோட்டின் பேட்டரி நடுவில் தீர்ந்ததுதான் காரணம். இறக்கையை ஒட்டியாயிற்று; இன்னொரு முறை விழுந்தால் குப்பைத்தொட்டிதான்.

ரிமோட் புதுப் பேட்டரி தேடியது.

“எனக்குள்ளே நிறைய சார்ஜ் பிடிக்கும், அண்ணே!” என்றது சிவப்புப் பேட்டரி.

“எனக்குக் கொஞ்சம் குறைச்சல்தான்” என்றது நீலப் பேட்டரி.

“ரெண்டு பேரும் முழுசா சார்ஜ் ஏத்திக்கிட்டு, ரெண்டு மாசம் அலமாரியில சும்மா இருங்க” என்றது ரிமோட்.

“சும்மா இருக்கிறது ஒரு வேலையா?” என்று சிரித்தது சிவப்பு.

இரண்டு மாதம் கழித்துச் சிவப்பைப் போட்டதும் ரிமோட்டின் விளக்கு மினுங்கி அணைந்தது.

“நான் ஒண்ணுமே செய்யலையே, அண்ணே!”

“அப்போ ஏத்தின சார்ஜ் எல்லாம் எங்கே போச்சு, தம்பி?”

நீலத்தைப் போட்டதும் விளக்கு நின்று எரிந்தது. விமானம் வேப்பமரத்தையே மூன்று முறை சுற்றிவிட்டுத் தரை இறங்கியது.