மூடினால் எரியும் படம்

சுகுமாறனின் முகத்தில் தீப்பிடித்தது.

டிவி திரையில்தான். படத்தின் மேல் ஓரத்தில் பற்றிய தீ, நெற்றி, மீசை, சிரிப்பு என்று ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே இறங்கியது. கடைசியில் திரையில் ஒன்றும் மிச்சமில்லை. டிவிக்குக் கீழே பெட்டியில் படுத்திருந்த சுகுமாறன் மட்டும் அப்படியே இருந்தான்.

ஜெபமாலை சொல்ல வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ஜெனவீவின் விரல் மடிக்கணினியின் மேலேயே நின்றுவிட்டது. பாடல் வரிகளைத் திரையில் போடுவதற்காகக் கணவனின் படத்தை மூடினாள், அவ்வளவுதான். செத்த மனுஷனை எல்லார் கண்முன்னாலும் கொளுத்திவிட்டது போல இருந்தது அவளுக்கு.

அந்த வீட்டில் அன்று தீ என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. காலையிலிருந்து அதற்குத்தான் சண்டை.

கலும்பாங்கிலிருந்து வந்திருந்த அண்ணன் நல்லசாமிக்குத் தம்பியை எரிக்க வேண்டும். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த தங்கள் குடும்பத்தில் யாரையும் மண்ணுக்குள் போட்டதில்லை என்றார்.

ஜெனவீவுக்குப் புதைக்க வேண்டும். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி பெர்னாட் ஆனவன் அவன். அதைவிட, போய் உட்கார்ந்து அழுவதற்கு அவளுக்கு ஓர் இடம் வேண்டும். சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டால் அவள் எங்கே போய் உட்காருவாள்?

அவன் படுக்கையில் கிடந்தபோதே இருவரும் கேட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று கேட்டால் அவன் யாரைப் பார்த்துச் சொல்வான்?

“நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிக்குங்க லா. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.”

சிரித்தே மழுப்பிவிட்டான். யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவனோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

இப்போது நல்லசாமி எழுந்துவிட்டார். தம்பியே நெருப்பு கேட்கிறான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று மார்பில் அடித்துக்கொண்டார். அவர் பக்கத்துப் பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். ஜெபமாலைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

 ஜெனவீவுக்கு அப்போதுதான் உறைத்தது. இது அவனுடைய பழைய பைத்தியம் அல்லவா?

கோலா சிலாங்கூரில் அவன் கணினிக் கடை வைத்திருந்தான். யார் எந்தக் கணினியைக் கொண்டுவந்தாலும் அதில் லினக்ஸைப் போட்டு, கேட்காமலேயே முப்பரிமாண வித்தைகளையும் முடுக்கிவிட்டுத்தான் கொடுப்பான். திரை பெட்டி போலச் சுழலும். திறந்து வைத்த பக்கத்தைப் பிடித்து இழுத்தால் அகார் அகார் ஜெல்லி மாதிரி ஆடும். மூடினால் தீப்பிடித்து எரியும்.

இதை அவள் எல்லாருக்கும் விளக்கினாள். இந்தக் கணினியில் எதை மூடினாலும் எரியும், சாட்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்றாள். பின்வரிசையிலிருந்து லோரி கம்பெனிப் பெண் ஒருத்தி, தங்கள் அலுவலகக் கணினியும் அப்படித்தான் எரிந்தது, முதலாளி தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார் என்றாள். சாவு வீடு என்பதையும் மறந்து சிலர் சிரித்துவிட்டார்கள்.

நல்லசாமி சிரிக்கவில்லை. ஒரு விளையாட்டை நம்பி ஊர் முன்னால் மார்பில் அடித்துக்கொண்டோமே என்று கூனிக் குறுகிப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் இஷ்டப்படியே புதைத்துவிடலாம் என்றார். மின்சுடலைக்கு வரவில்லை என்று சொல்வதற்காகக் கைப்பேசியோடு வாசலுக்குப் போனார்.

ஜெனவீவுக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அவள் பாடல் வரிகளைத் திறந்தாள். வேறு பாட்டு வந்தது. அதை மூடினாள்.

அது எரியவில்லை. சும்மா மறைந்துவிட்டது.

டிவிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினாள். கல்யாணப் படத்தைத் திறந்து மூடினாள். மறைந்தது. பங்குத் திருவிழாப் படத்தைத் திறந்து மூடினாள். அதுவும் மறைந்தது.

சுகுமாறனின் படத்தைத் திறந்து மூடினாள்.

எரிந்தது.

 கடையில் அவனோடு உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். ஒரே ஒரு படத்துக்கு மட்டும் தீ தானாக வராது. யாராவது மெனக்கெட்டு உட்கார்ந்து, அந்தப் படத்தின் பெயரைத் தட்டிவிட்டு, இது மூடும்போது மட்டும் எரியட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மடிக்கணினியை அவனைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். தன் சாவுக்கு இந்தப் படத்தைத்தான் வைக்க வேண்டும், அதுவும் பெரிய டிவியில் வைக்க வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியவனும் அவன்தான். அழகன் என்ற நினைப்பு இன்னும் போகவில்லையா என்று அவள் கேலிகூடச் செய்தாள்.

பாவி. வாய் இருந்தது, பக்கத்திலேயே அவள் இருந்தாள், சொல்லித் தொலைத்திருக்கலாம். பெட்டியில் கிடந்தவனை உலுக்கி எழுப்பி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது.

வாசலில் நல்லசாமிக்கு மின்சுடலையில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள். தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மடிக்கணினியை இப்படியே மூடி வைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. கல்லறை அவளுக்கே. ஞாயிறுதோறும் பூ கொண்டு போகலாம்.

அவள் ஒயரை மறுபடியும் டிவியில் சொருகினாள்.

“மாமா, அந்த போன வைங்க. உள்ள வாங்க, உங்க தம்பி பேசணுமாம்.”

நல்லசாமி வாசற்படியில் நின்று திரும்பினார். அவர் பார்க்க முதலில் கல்யாணப் படத்தைத் திறந்து மூடினாள், அது எரியாமல் மறைந்தது. இப்போது திரையில் சுகுமாறன் சிரித்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே அவள் படத்தை மூடினாள்.