நாலாம் பகுதிக் கூரை

"துப்புங்கடா அவன் மூஞ்சில!" என்று யாரோ கத்தினார்கள். ஒருவன் துப்பியும் விட்டான்.

தேர்தலில் தோற்று வெளியே வந்த வெர்லின் துடைத்துக்கொண்டு நடந்தார். பதினோரு வருஷம் எங்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பாதுகாப்புத் தலைவர். ஆபத்து என்றால் சுரங்கத்தை மூடச் சொல்லும் அதிகாரம் அவர் கையில். ஒரு நாள்கூட மூடியதில்லை. அவர் மருமகனுக்குக் கம்பெனி ஆபீஸில் வேலை.

குளிர்காலத்தில் சுரங்கக் கூரை இடிந்து மூன்று பேர் செத்த பிறகுதான் எங்கள் கென்டக்கி மலையில் எல்லாருக்கும் ரோஷம் வந்தது. அவரை எதிர்த்து ரூஃபஸை நிறுத்தினோம்.

"கூரை லேசா முனகினாலே மூடுவேன்!" என்றார் ரூஃபஸ். ஜெயித்தார். நான் செயலாளர் ஆனேன்.

வெர்லின் அறுபது வயதில் மறுபடி கரி வெட்ட இறங்கினார். நாலாம் பகுதி. அங்கே வேலை செய்த பன்னிரண்டு பேரும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். அந்தப் பக்கம் கரி வண்டி ஓட்டிப் போனேன். கூரையில் படபடவென்று சத்தம். மேலே சங்க ஆபீஸுக்கு ஓடினேன்.

"ரூஃபஸ் அண்ணே, நாலாம் பகுதி கூரை வெடிக்குது. உடனே மூடச் சொல்லுங்க!"

"அங்க யாரு?"

"வெர்லின் ஆளுங்க."

காபியை ஒரு வாய் உறிஞ்சினார். "பதினோரு வருஷம் நாம கேட்ட சத்தம்தானே? ஒரு நாள் அவங்களும் கேக்கட்டும்."

"அண்ணே..."

"ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம்தான் இருக்கு. போ ஆர்லி."

திரும்பி ஓடினேன். சுரங்க வாசலில் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆளாக வெர்லின்.

"மேல சொல்லத்தானே ஓடின? உத்தரவு குடுத்தானா?"

"இல்ல."

"வேலை போனா போகட்டும். நான்தான் எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன்."

பத்து நிமிஷத்தில் உள்ளே கூரை மொத்தமாக இறங்கியது.

உத்தரவில்லாமல் வேலையை நிறுத்தினார் என்று கம்பெனி அவரை நீக்கியது. விசாரணையில் மேனேஜர் கேட்டார்: "ஆபத்துன்னு சங்கத்துக்கு முன்கூட்டியே தகவல் வந்துச்சா? வந்திருந்தா அவர் மேல தப்பில்ல."

ரூஃபஸ் எழுந்தார். "யாரும் வந்து சொல்லலை."

வெர்லின் என்னைப் பார்த்தார்.

செயலாளர் நான்தானே. ரூஃபஸ் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.