ஐந்தாவது சக்கரத்தின் காற்று

மூன்றாவது ஓட்டத்திலும் கருவி அதே பொய்யைச் சொன்னது.

தேஹு ரோடு தாண்டி, வண்டி அதிகம் வராத அந்தச் சாலைத் துண்டை ஹரிபிரசாத் வெயிலில் குந்திக் குந்திக் கையாலேயே அளந்து வைத்திருந்தான். கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்து எண்ணூறு மில்லிமீட்டர் மேடுபள்ளம்.

ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும் ஒற்றைச் சக்கரக் கருவியோ ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்றது.

இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அப்போதுதான் நாளை கராடி சாலையில் இதை ஓட்ட முடியும்.

கராடி சாலையில்தான் போன மாதம் அவன் மனைவி பார்கவி ஸ்கூட்டரோடு விழுந்தாள். வலது தோள் எலும்பு முறிந்தது. போட்டு ஒரு வருடம்கூட ஆகாத சாலை. 'மிக நன்று' என்று எவனோ சான்று கொடுத்திருந்தான்.

மருத்துவமனையில் அந்த எவனோவை, விழுந்தவளைவிட அவள் புருஷன்தான் அதிகம் திட்டினான். அடிபட்டது யாருக்கு என்று நர்ஸ் வந்து மராத்தியில் கேட்கும் அளவுக்கு.

"அவன் பேரை மட்டும் கண்டுபிடிச்சுட்டு வாங்க," என்று இன்று காலையும் இடது கையால் தலை வாரியபடி சொல்லி அனுப்பினாள்.

ஹரிபிரசாத் கருவியை எட்டி உதைத்தான். கருவி இரும்பு. அவன் போட்டிருந்தது செருப்பு.

நொண்டிக்கொண்டே போய்ச் சக்கரத்தில் காற்று பார்த்தான். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபதுகூட இல்லை. தொளதொளத்த சக்கரம் பாதிக் குலுக்கலைத் தானே விழுங்கிவிடும்.

"எவன்டா காத்தைப் பிடுங்கிவிட்டது?"

டிரைவர் அருண்ராஜ் பயப்படவில்லை. பாராட்டுக்குக் காத்திருப்பவன் போல வந்து நின்றான்.

"அரே, நான்தான் சார். நாளைக்குக் கராடி ரோடுன்னீங்கல்ல? போன வருஷம் அந்த ரோட்டுக்கு சர்டிபிகேட் குடுக்கறப்ப நீங்கதானே குறைக்கச் சொன்னீங்க, மறந்துட்டீங்களா? இந்தத் தடவை சொல்லாமலே பண்ணி வெச்சுட்டேன்."

ஹரிபிரசாத் பம்பை வாங்கித் தானே அடிக்க ஆரம்பித்தான். இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பது வந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

"பேரு கிடைச்சுதா?" என்றாள் பார்கவி.

அவனுக்கு மூச்சு வாங்கியது.

"கிடைச்சுது. சாயங்காலம் ஆளையே வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன்."