சூடு தெரியாத அலமாரி

"போர்வைக்குள்ள வேண்டாம். கொஞ்ச நேரத்துல போர்வையே சூடாகிக் காட்டிக் கொடுத்துடும்" என்றான் கணவன்.

அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். சூடு, குளிர் விஷயத்தில் அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நேற்று மாடிப்படியில் கிடைத்த பூனைக்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் மனைவிதான் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் அறைக்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

கட்டடத்தில் பிராணி வளர்க்கக் கூடாது என்பது மாடியில் இருக்கும் வீட்டுக்காரரின் சட்டம். கிளி வளர்த்த குடும்பத்தைப் போன மாதம்தான் காலி செய்ய வைத்தார். இன்று திடீரென்று, சுவரில் ஈரக்கசிவு பார்க்கிறேன் என்று, சூட்டை நிறமாகக் காட்டும் கேமராவோடு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்.

"அலுமினியத் தாள் சுத்தினா?"

"அந்தச் சரசரப்புக்கே முழிச்சுக்கும்."

"அப்ப நாமளும் மூட்டை கட்ட வேண்டியதுதாங்க."

அவன் பார்வை கூடத்துக் கண்ணாடி அலமாரியில் நின்றது. அவள் தைத்து விற்கும் துணிப் பொம்மைகள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

"கண்ணாடியைத் தாண்டி அந்தக் கேமரா பார்க்காது."

"கேமரா பார்க்காது. அவர் கண்ணு?"

"பொம்மையோட பொம்மையா படுக்க வை. பால் குடிச்ச மயக்கத்துல தூங்குதுல்ல."

மூச்சுவிடக் கொஞ்சம் இடைவெளி விட்டு, அவள் அலமாரிக் கதவை நகர்த்தினாள். வெள்ளை வாலின் கறுப்பு நுனியை முயல் பொம்மையின் காதுக்கடியில் செருகினாள். அழைப்பு மணி அடித்தது.

வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. கேமராக்காரரைக் கட்டிலுக்கடியில் குனிய வைத்தார். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் காட்டச் சொன்னார். துணி மூட்டையைக்கூட விடவில்லை.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"சார், ஈரம் சுவர்லதானே இருக்கும்?"

"ஈரம் எங்க வேணா ஒளிஞ்சிருக்கும்மா."

ஈரம் ஒளியுமா? அவள் கணவனைப் பார்த்தாள். அவனும் திருதிருவென்று விழித்தான்.

கேமரா அலமாரிப் பக்கம் திரும்பியது.

"அதோ, என்னமோ சூடா தெரியுதே" என்றார் வீட்டுக்காரர்.

அவள் பார்வையைத் தரைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது நீங்கதான் சார்" என்றார் கேமராக்காரர். "கண்ணாடியில பட்டு உங்க சூடே திரும்பி வருது."

வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. கசிவு இல்லையென்றால் சந்தோஷப்பட வேண்டியவர், எதையோ பறிகொடுத்தவர் போல வெளியே போனார்.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று கணவன் ஆரம்பிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

வீட்டுக்காரர்தான், தனியாக. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்று குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இது மத்த குடித்தனக்காரங்க காதுக்குப் போகக் கூடாது. சட்டம் போட்டவனே இப்படியான்னு சிரிப்பாங்க." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "வெள்ளைக் குட்டி. வால் நுனி மட்டும் கறுப்பு. நேத்துலேருந்து காணோம், எனக்குச் சோறே இறங்கல."

அவர் முதுகுக்குப் பின்னால், முயல் பொம்மையின் காதுக்கடியிலிருந்து ஒரு கறுப்பு நுனி மெல்ல எழுந்து ஆடியது.