ஆறு மணிக்கு எங்கே இருந்தே?

அறைக்குள் துளி வெயில் இல்லை. ஆனாலும் இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. மேசை விளக்கை ரொட்டிக்காரரின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

“நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருந்தே?”

“கடையிலதான் ஐயா.”

“சாட்சி?”

“என் சம்சாரம்.”

“சம்சாரமா? ரொம்பப் பொருத்தமான சாட்சி!”

“முழியும் சரியில்லை ஐயா. வேர்த்துக் கொட்டுது” என்றார் ஏட்டு.

“விளக்குச் சூடுங்க!”

“மழுப்பாதே. ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா இன்னிக்கு லாக்கப்தான்.”

ரொட்டிக்காரர் பதறி எழுந்தார். “ஐயா, என் சைக்கிளைக் காணோம்னு புகார் கொடுக்க வந்தவனே நான்தானே!”

இன்ஸ்பெக்டர் வெற்றியோடு ஏட்டைப் பார்த்தார்.

“இருபது வருஷ சர்வீஸ்ல தெரியாதது, ஒரே அமெரிக்க சீரியல்ல தெரிஞ்சுபோச்சுய்யா. ஏழு சீசனும் பார்த்துட்டேன். எப்பவுமே புகார் கொடுக்க வர்றவன்தான் குற்றவாளி!”